பதினோரு வெற்றுப் படிவங்கள்

பொன்னேரியில் ரயில் நின்றிருந்தபோது லூர்து அக்காவின் மகன் அழைத்தார். "மேடம், அம்மா பூட்டாங்க. காலைல எழுப்பப் போனேன், எழுந்துக்கல." அங்கேயே இறங்கி, நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

எங்கள் உளவியல் துறைக்காகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குக் கேள்விப் படிவங்களைக் கொண்டுபோய்ப் பதில் வாங்கி வந்தவர் அவர். அதற்கு முன் அங்கேயே ஒரு கம்பெனியில், பேக்கிங் பிரிவில் பல வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். துறை மலரில் இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். கேன்டீனில் படிவம் கொடுக்க யாரையும் விடமாட்டார். "சூப்பர்வைசர் பக்கத்துல நின்னுக்கினு இருந்தா எல்லாருக்கும் வேலை புடிச்சிதான் இருக்கும்" என்பார். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், ஒவ்வொருவரையும் ஓரமாக அழைத்துத்தான் கேட்பார்.

நான் அவரிடம் வாங்கியது திட்டு அல்ல. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், தொழிலாளர்களின் மனதை என்ன செய்கிறது என்பது என் ஆய்வு. அந்த ஷிப்டை நிரந்தரமாக்கலாமா என்று முடிவெடுக்க, நிர்வாகம் எங்கள் அறிக்கைக்குக் காத்திருந்தது. என் கட்டுரைக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. பதினோரு பேரிடமிருந்து பதில் வரவில்லை. நானே நிரப்பினேன். சந்தேகம் வரக்கூடாதென்று பேனாவைக்கூட மாற்றி மாற்றி எழுதினேன். படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது.

மறுநாள் படிவங்களில் தொழிலாளர்களின் டோக்கன் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அக்கா, ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார்.

"மேடம், இவரு மிஷின்ல கை மாட்டி ஆஸ்பத்திரில கீறாரு. இன்னா கையால டிக் அடிச்சாரு?"

'வேலை முடிந்தபின் மனம் நிறைவாக இருக்கிறது' என்ற வரிக்கு எதிரே இருந்தது என் டிக்.

"நம்பர் குறையுதுக்கா" என்று முனகினேன்.

"குறைஞ்சா குறைஞ்சிச்சின்னு எழுதுங்க. அதுல இன்னா பேஜாரு? பதில் எழுதக்கூட தெம்பு இல்லாதவங்க மேடம் இவங்க. இவங்களப் போயி நிம்மதியா கீறாங்கன்னு எழுதிட்டீங்களே."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். பையிலிருந்து பதினோரு புதுப் படிவங்களை எடுத்து, பதில் தராதவர்களின் டோக்கன் எண்ணை மட்டும் எழுதி என்னிடம் கொடுத்தார்.

துறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரை போயிற்று, அந்த வருடப் பதவி உயர்வும் போயிற்று. வெளியே வந்தபோது, அவ்வளவு நேரமும் கதவோரம் உட்கார்ந்திருந்த அக்கா ஒன்றுதான் கேட்டார்: "நாஷ்டா துன்னீங்களா மேடம்?" எதிர்க் கடையில் இட்லி வாங்கித் தந்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

நிர்வாகத்துக்குப் போன அறிக்கையில், பதினோரு பேர் பதில் தரவில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதினோம். அந்த ஷிப்ட் நிரந்தரமாகவில்லை. அதற்கு எங்கள் அறிக்கைதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. காரணம் என்று எழுதினால் அக்கா விடமாட்டார்.

அந்த வெற்றுப் படிவங்கள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அக்கா கடைசியாக என்ன சொன்னார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அழகாக ஒரு வாக்கியம் எழுத என் பேனாவுக்கு வரும். ஆனால் நான் பக்கத்தில் இல்லை, அக்கா. அந்த இடத்தை நிரப்பாமல் விடுகிறேன்.