மாமாவின் ஈஸ்ட் வாசனை

என்னைவிடப் பெரிய முட்டாள் அந்தக் காலத்தில் ஆவடியில் இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் அம்மா அந்த வேலையை அவனிடம் கொடுத்திருப்பாள். சாயங்காலம் மாமா வேலை முடிந்து வந்ததும் நான் வாசலுக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொள்ளும் சாக்கில் அவர் வாயை மோந்து பார்க்க வேண்டும். பிறகு சமையலறைக்குப் போய் அம்மாவின் காதில் முடிவைச் சொல்ல வேண்டும். நான் அப்போது நான்காம் வகுப்பு. வகுப்பில் கரும்பலகை துடைக்கும் பொறுப்புகூடக் கிடைக்காத எனக்கு, மூக்கை நம்பி ஒரு உத்தியோகம் வந்ததில் தலைகால் புரியவில்லை.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. மிஞ்சிய பித்தளைத் துண்டு கிடைத்தால் அதில் எனக்கு ஒரு பம்பரம் கடைந்து கொண்டுவந்துவிடுவார். குடிக்கவும் செய்வார். குடித்தால் அடிக்க மாட்டார், கத்த மாட்டார். வீட்டுக்கு வர மறந்துவிடுவார், அவ்வளவுதான். அப்படி மறந்து மறந்து, ஒருநாள் ஞாபகம் வந்து போனபோது வீடு பூட்டியிருந்தது. அவர் மனைவி, அதாவது என் அத்தை, நசரத்பேட்டையில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அம்மா சமாதானம் பேசப் போனபோது அத்தை சொன்னது இதுதான்: "உங்க தம்பி சொன்னா நம்ப மாட்டேன் அண்ணி. நீங்க சொன்னா வரேன்."

அதிலிருந்து மாமா எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் பாய் போட்டுப் படுத்தார். அத்தை அம்மாவின் வாக்கை நம்பினாள். அம்மா என் மூக்கை நம்பினாள். என் மூக்கோ பாதி நாள் சளி பிடித்துக் கிடக்கும்.

இருந்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. பயிற்சிக்காக வீட்டுக்கு வருகிறவர் போகிறவரையெல்லாம் மோந்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் என்னைக் கண்டாலே ஒதுங்கிப் போக ஆரம்பித்தார். அப்பாவை மோந்ததில் தொழிற்சாலை எண்ணெயும் மூக்குப்பொடியும் சேர்ந்து வந்தது. தலையில் ஒரு குட்டும் கிடைத்தது. மாமாவைப் பற்றிய என் அறிக்கை நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போனது. இன்றைக்கு வெங்காய போண்டா, தேங்காய்ச் சட்னி, நடுவில் ஒரு பீடி என்று நான் ஆரம்பித்தால் அம்மா கரண்டியை ஓங்குவாள்.

"அவன் இன்னா துன்னான்னு உன்ன யார்றா கேட்டா? அந்த நாத்தம் வந்துச்சா, வரலியா? அத்த மட்டும் சொல்லு."

அந்த நாற்றம் எனக்குத் தெரியும். ஒரு கல்யாணத்தில் மாமா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியபோது வந்தது. புளித்த மாவும் அழுகிய ஆப்பிளும் கலந்த மாதிரி இருக்கும். இத்தனை நாளும் அது வரவில்லை. வராததில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் ஏமாற்றம்தான். திருடனே இல்லாத ஊரில் போலீஸுக்கு என்ன மரியாதை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. மாமாவின் வாயிலிருந்து இல்லை, வீட்டிலிருந்து. நான் மூக்கைத் தூக்கிக்கொண்டு முன்னறை, கட்டிலடி, குளியலறை என்று நாலு காலில் தவழாத குறையாகத் தேடினேன். கடைசியில் பின்பக்க பால்கனியில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், மாமாவின் பழைய சட்டை போர்த்திய ஒரு பெரிய குண்டான். சட்டையை விலக்கி, ஈரத் துணியைத் தூக்கினால் உள்ளே வெள்ளையாக ஒரு தொப்பை. மூச்சு விடுவதுபோல் அங்கங்கே குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. குனிந்து மோந்தேன். சந்தேகமே இல்லை.

அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அம்மா குனிந்து பார்த்தாள். டிரம்மைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டிலேயே காய்ச்ச ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்திருக்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு ஒரு மெடல் வரும் என்றும் சேர்த்து நினைத்தேன்.

மாமா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். எங்கள் இருவரையும் குண்டானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஐய, இது மைதா மாவுதான் அக்கா. ஈஸ்ட்டு போட்டா இப்டித்தான் பொங்கும். டோனட்டு சுடப்போறேன்."

கதை மெல்ல வெளியே வந்தது. கல்யாணமான புதிதில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரியில் மாமா அத்தைக்கு டோனட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அத்தை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, இதை வீட்டில் செய்ய முடியாதா என்று கேட்டிருக்கிறாள். அதை இப்போது போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறாராம். சொதப்பினால் எல்லோரும் சிரிப்போம் என்று ஒளித்து வைத்தாராம். அத்தை திரும்பி வரும் நாளில் தன் கையால் சுட்டுக் கொடுக்க வேண்டுமாம். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி, தன் தம்பியை உலகத்தில் யாருக்கும் புரியவில்லை என்றாள்.

அன்றைக்கு அடுப்படி மாமாவின் பட்டறையாயிற்று. வெதுவெதுப்பான பாலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு நுரைத்து வந்த பிறகே மாவில் சேர்க்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். ஏலக்காய், பட்டை, சுக்கு, ஜாதிக்காய் எல்லாவற்றையும் பொடித்து மாவிலேயே பிசைந்திருந்தார். ஜாதிக்காய் என்றதும் அம்மா, அது மயக்கம் தருமே என்று இழுத்தாள். அப்பா தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் சந்தேகத்தைத் திருநெல்வேலித் தமிழில் கேட்டார்: "மாப்ள, இது வயித்துக்குள்ள போயும் உப்புமோ?" எனக்கு வேறு கவலை. நடுவில் ஓட்டை இருக்கிறதே, அந்த நடுவை யார் தின்றது?

முதல் ஈடு வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தது. தீயைக் குறைத்தார். இரண்டாவது ஈடு எண்ணெயில் பந்துபோல் மிதந்து, தானே திரும்பிப் படுத்து, பொன்னிறமாக வந்தது. சூட்டோடு பட்டைப் பொடி கலந்த சர்க்கரையில் புரட்டிக் கொடுத்தார். கடித்ததும் நான் உத்தியோகத்தை மறந்தேன். அப்பா மூன்று தின்றுவிட்டு, சாயங்காலம்வரை வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு டோனட் எங்கள் வீட்டில் வழக்கமாயிற்று. முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும், பிறகு வாரத்தின் நடுவிலும். மாவு பொங்கியிருக்கிறதா என்று ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று மாமா சொன்னார். அதனால் அவரை மோந்தால் ஈஸ்ட் வாசனை வந்தது. நான் சமையலறைக்குப் போய் "ஈஸ்ட்டு" என்பேன். அம்மா ஒரு நொடி என்னைப் பார்ப்பாள்.

"ஈஸ்ட்டுதானா?"

"ஈஸ்ட்டுதாம்மா."

அம்மா திரும்பிக் குழம்பைக் கிளறுவாள். மாவே பிசையாத ஒரு புதன்கிழமை அதே வாசனை வந்தது. எனக்கு ஒரு கணம் மூக்கு விடைத்தது. ஆனால் மறுநாள் மாவு பிசைவதாக மாமா சொல்லியிருந்தார். நான் இப்போது வேறு ஏதாவது சொல்லிவைத்தால் டோனட் நின்றுபோகும். ஈஸ்ட் லேசில் போகாது, சட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்கு நானே விஞ்ஞானம் சொல்லிக்கொண்டேன். அம்மாவும் அன்றைக்கு இரண்டாவது தடவை கேட்கவில்லை.

கடைசியில் அம்மா நசரத்பேட்டைக்குப் போன் செய்து, என் தம்பி மாறிவிட்டான், நீ வந்து பார் என்று வாக்குக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு அத்தை வந்தாள். கையில் துணிப்பை. பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கொண்டுவருகிற பை இல்லை, தங்க வருகிறவர்களின் பை. ஜிப் மூட முடியாமல் ஒரு புடவை எட்டிப் பார்த்தது. அதைக் கதவோரமாக வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மாமா அன்று சவரம் செய்து, விபூதி பூசி, அடுப்படியில் சுட்டுக்கொண்டே இருந்தார்.

தட்டு வந்தது. அத்தை ஒன்றை எடுத்தாள். கடிக்கவில்லை. பிட்டு முகத்தருகே கொண்டுபோய் முதலில் மோந்து பார்த்தாள். எனக்குத் தொழில் போட்டி வந்ததுபோல் இருந்தது. நெஞ்சு பொறுக்காமல், "அது ஈஸ்ட்டு வாசன அத்த, மாமா மேலயும் அப்டித்தான் வரும், நான் டெய்லி மோந்து பாக்குறேன்" என்று சாட்சி சொன்னேன். அத்தை என்னைப் பார்த்துவிட்டு மாமாவைப் பார்த்தாள். பிறகு ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய். "நல்லாத்தான் கீது" என்றாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ள உள்ளே போனாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

அத்தை இரண்டாவது டோனட்டை விரலில் மாட்டித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை எப்படி இவ்வளவு அச்சாக, கடையில் போலவே வந்திருக்கிறது என்று கேட்டாள். முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது. மாமா, சும்மா ஒரு மூடி வைத்து அழுத்தியதுதான் என்று வாய்க்குள் சொன்னார். இவ்வளவு பெரிய வேலையை மனிதர் இப்படிக் குறைத்துச் சொல்கிறாரே என்று எனக்கு ஆற்றாமை. மாமா பாய் சுருட்டி வைக்கிற மூலைக்கு ஓடினேன். மாமாவின் வேலைப்பைக்குள் ஒரு பிஸ்கட் டப்பாவில்தான் அவர் அந்த மூடியைப் போட்டு வைப்பார். "டேய், அது இன்னாத்துக்குடா இப்ப" என்று மாமா பின்னால் வந்தார். தன்னடக்கம் என்று நினைத்தேன். டப்பாவை அப்படியே அத்தையின் மடியில் கவிழ்த்தேன்.

ஒன்று இருக்கும் என்று நினைத்தேன். கலகலவென்று ஒரு கைப்பிடி விழுந்தது. எல்லாம் ஒரே அளவுத் தகர மூடிகள், திருகித் திறக்கிற ரகம். சிலவற்றில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது, சில புத்தம் புதிதாக மின்னின. அவை எந்தப் பாட்டிலின் மூடி என்று எனக்குத் தெரியாது. அத்தைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அந்த டோனட்டுகளில் எதுவரை அத்தைக்காகச் சுட்டது, எதிலிருந்து என் மூக்குக்காகச் சுட்டது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்கு அந்தப் புதன்கிழமையே தெரிந்திருக்குமோ என்பதும் இப்போதுதான் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், உள்ளேயிருந்து வந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள், மாமா அடுப்பை அணைக்கப் போனவர் திரும்பி வரவில்லை, அத்தை மூடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுவிட்டு எழுந்து துணிப்பையை எடுத்தாள் என்பதுதான்.

நான் வாசல்வரை பின்னாலேயே ஓடினேன். அத்தைக்கு ஏதோ தப்பாகப் புரிந்துவிட்டது, சரியாகச் சொன்னால் நின்றுவிடுவாள் என்று நம்பினேன். அது ஓட்டை போடத்தான் அத்தை, வேறு எதற்கும் இல்லை என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்ன பதிலை ஏதோ சமையல் சந்தேகம் என்றே எடுத்துக்கொண்டு, வெகுநேரம் அதற்கு விடை யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஓட்ட போட ஒரு மூடி போதாதாடா?"