உப்புக் கிடங்கும் சாச்சாவின் கையும்

நாக்கு நுனியில் முதலில் குளிர்ச்சி. அப்புறம்தான் உப்பு...

அந்தச் சுவரை நக்காமல் வளர்ந்த பிள்ளை நம் மரக்காணத்தில் உண்டா? பள்ளிக்கூடம் விட்டதும் உப்பளத்து வரப்பில் ஓடிப்போய், கதவே இல்லாத அந்த வாசலுக்குள் நுழைவோம். உள்ளே எப்போதும் ஒரு பழுப்பு வெளிச்சம். ஓட்டு இடுக்கு வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கும். வெள்ளைக்காரர்கள் உப்பு சேர்த்து வைக்கக் கட்டிய கிடங்கு. அது காலியாகி எவ்வளவோ காலமாகியும், குடித்த உப்பைச் சுவர் இன்னும் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. மழை விட்டால் போதும், சுவரெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும்.

போர்வைக்குள் இருந்து அம்மாவின் பழைய போனில் டைப் பண்ணுகிறேன். முன் அறையில் சாச்சா படுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் அந்தக் கிடங்கின் பேச்சையே எடுக்கக் கூடாது. நம் கிளாஸ் குரூப்பில் யாரும் வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடாதீர்கள், ப்ளீஸ்...

நாம் மூன்றாவது படித்தபோது புயல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தெருவே கிடங்கில்தான் இருந்தது. யாரோ அரிசி கொண்டுவந்தார்கள், யாரோ அண்டா. கஞ்சி காய்ச்சி, டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது... உப்பு இல்லை. உப்பளத்து ஊராயிற்றே, யாராவது ஒரு பிடி எடுத்து வராமலா இருப்பார்கள் என்று எல்லோருமே நினைத்துவிட்டார்கள். பாத்தி ஓரம் குவித்திருந்ததெல்லாம் மழையில் கரைந்து போயிருந்தது.

"ஏம்பா, மரக்காணத்துல உப்பில்லாத கஞ்சியா? வெளிய சொல்லிடாதீங்கப்பா, மானம் போயிடும்!"

கத்தியது எங்கள் சாச்சா. அத்தாவின் தம்பி, எனக்குச் சித்தப்பா. அப்போது அவர் துபாய் போகவில்லை, மீசைகூட சரியாக வளரவில்லை. "ஒரு வாய் கஞ்சி, ஒரு நக்கு சுவரு. அவ்ளோதான்!" என்று குனிந்து அவர்தான் முதலில் நக்கிக் காட்டினார். வெளியே காற்று ஓலமிட, உள்ளே அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இப்போதும் கனவில் கேட்பதுபோல் கேட்கிறது.

அப்புறம் நாம் வளர்ந்தோம். எங்கள் வார்டு லேடீஸ் வார்டு ஆனது. அம்மா பேரூராட்சி கவுன்சிலர் ஆனாள். பெயர் அம்மாவுடையது. மீட்டிங்கில் நாற்காலியில் உட்கார்ந்தது, துபாயிலிருந்து திரும்பிவந்த சாச்சா.

போன வருஷம் கிடங்கை இடித்துவிட்டு கடை காம்ப்ளெக்ஸ் கட்டலாம் என்று பேச்சு வந்தது. முன்பக்கக் கடையில் மொபைல் ஷாப் வைக்க வேண்டும் என்பது சாச்சாவின் ஆசை. பெயர்ப் பலகையில் என்ன கலர் என்பதுவரை யோசித்து வைத்திருந்தார். ஆனால் புதிதாக வந்த செயல் அலுவலர் மேடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

"மெம்பர் நேர்ல வரணும் சார். நீங்க வெளிய நில்லுங்க."

அதனால் அம்மாவை சாச்சாவே ஆட்டோவில் கூட்டிப்போனார். துணைக்கு நான்.

"கைய மட்டும் தூக்குங்க அண்ணி. வாயே தொறக்காதீங்க."

அம்மா தலையாட்டினாள்.

அம்மா உள்ளே போனாள். சாச்சா வராண்டாவில் ஜன்னலோரம் நின்றார். அவருக்குப் பின்னால், தண்ணீர் கேன் பக்கத்தில் நான். இடிப்பதற்கான தீர்மானத்தைப் படித்து முடித்தார்கள். கை தூக்கச் சொல்வதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தலைவரக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். புயலப்ப கெடங்குல உப்பில்லாத கஞ்சி குடிச்சவங்க யாரெல்லாம்? கொஞ்சம் கை தூக்குங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு கை எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. கடைசியில் தலைவர் அக்காவின் கையே மேலே போனது. "நான் ரெண்டு டம்ளர் குடிச்சேன்டி!"

"இப்ப அத இடிக்கலாம்னு சொல்றவங்க தூக்குங்க."

ஒரு கைகூட மேலே போகவில்லை...

இடிக்கக் கூடாது, பழமை மாறாமல் பழுது பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவானது. ஆனால் உள்ளே இருந்த யாரும் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். அம்மா முதலில் கேட்டபோது, ஜன்னலுக்கு வெளியே சாச்சாவின் கையும் எழுந்தது. தோள்வரை போய், ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நின்று, பிடரியைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

அதன்பிறகு பல மாதங்கள் அவர் அம்மாவோடு பேசவில்லை. என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார். "இனிமே அந்தப் பக்கம் போன, கால ஒடச்சிடுவேன்."

இப்போது கிடங்கு புதுப்பெண் மாதிரி இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு, புது ஓடு, இரும்பு கேட், பெரிய பூட்டு. பேரூராட்சி போர்டில் 'உள்ளே நுழையாதீர். சுவரைத் தொடாதீர்' என்று எழுதியிருக்கிறது. யாரும் பார்த்துக்கொள்ளாத காலத்தில் அது முழுக்க நம்முடையதாக இருந்தது, இல்லையா? அதற்காக இடிந்துபோயிருக்கலாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பூட்டைப் பார்த்தால் என்னவோ செய்கிறது...

இன்றைக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அந்த வழியாகத்தான் வந்தேன். யாரும் இல்லை. கேட் கம்பிக்குள் கையை விட்டேன். விரல் நுனி மட்டும் சுவரில் பட்டது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை.

பின்னால் பைக் நின்றது. சாச்சா.

"அங்க இன்னா பண்ற?"

"ஒண்ணுமில்ல சாச்சா..."

அவர் என் விரலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார்.

"வாய்ல வெக்காத. இப்ப வெறும் சுண்ணாம்புதான். உப்பு மேல வர்றதுக்கு ரெண்டு மழையாவது ஆவும்."

பைக்கில் ஏறச் சொன்னார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

வெறும் சுண்ணாம்புதான் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.