ஃப்ரூமா தேடிய மூன்றாவது நட்சத்திரம்

பிரவுன்ஸ்வில் யூதர் மன்றம் முதலில் ஒரு குதிரை லாயம். கப்பலில் வந்து இறங்கியவர்கள் அதைக் கழுவித் துடைத்து, மாடியில் ஜெபக்கூடமும் கீழே ஆங்கில வகுப்பும் வைத்தார்கள். சட்டைக் காலர் தைத்துப் பிழைத்த ஃப்ரூமா ஸாக்மானும் அந்த வகுப்புக்குத்தான் வந்தாள். ஆங்கிலம் அரைகுறையாக வருவதற்குள் கூடைப்பந்து முழுசாகப் பிடித்துவிட்டது. தையல்கூடத்துப் பெண்களைச் சேர்த்து அணி திரட்டி, கீழ்த்தளத்துப் பெரிய கூடத்தைக் கேட்டாள்.

மன்றத் தலைவர் ஸீஸ்கிண்ட் தாடியைத் தடவினார். 'ரெப்' என்றுதான் எல்லாரும் அவரை மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"சனிக்கிழமை ராத்திரி ஒரு ஆட்டம் நடத்திக் காட்டு. ஓய்வுநாள் முடியறதுக்கு முன்னால ஒரு விளக்கு எரிஞ்சாலும் சரி, ஆட்டம் நின்னு போனாலும் சரி, கூடம் பொணம் அடக்கம் பண்ற சங்கத்துக்குப் போயிடும்."

"பொணத்தைவிட நாங்க நல்லா ஓடுவோம், ரெப்."

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி அந்தியில் தொடங்கிச் சனி இருட்டும்வரை; அதுவரை விளக்கேற்றக்கூடாது. அச்சுக் காலண்டரில் அது முடியும் நேரம் பார்த்து ஃப்ரூமா ஆட்டத்தை வைத்தாள். அங்கேதான் தப்பு. ரெப் காலண்டரை நம்புகிறவர் அல்ல. வானத்தில் மூன்று நட்சத்திரங்களைத் தன் கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு ஓய்வுநாள் முடியும்.

அன்று பார்த்து மேகம். சனிக்கிழமை காசைத் தொடக்கூடாதென்று வியாழனுக்குள் டிக்கெட் வாங்கிய கூட்டம் முழுவதும் கும்மிருட்டில் உட்கார்ந்து காலால் தரையைத் தட்டியது. எதிரணி, பக்கத்துப் பேட்டை இத்தாலியப் பெண்கள். நடுவர் வெளியே தெருவிளக்கடியில் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"கொஞ்ச நேரம்தான். அப்புறம் எதிரணி ஜெயிச்சதா எழுதிடுவேன்."

ஃப்ரூமா மொட்டைமாடிக்கு ஓடினாள். பின்னாலேயே கூட்டமும் ஏறியது. ரெப் கழுத்தை வளைத்து நின்றிருந்தார்.

"ரெண்டு இருக்கு."

"அதோ மூணாவது, ரெப்!" என்று கூட்டத்தில் ஒரு பையன் கத்தினான்.

"அது தண்ணித் தொட்டி விளக்குடா, மடையா."

எதிரணித் தலைவி பிலோமினாவும் ஏறி வந்துவிட்டாள்.

"நீ எதுக்கு வந்தே? பேசாம கீழ நின்னா ஜெயிச்சிடுவியே" என்றாள் ஃப்ரூமா.

"சும்மா ஜெயிக்கறதுக்கா எங்கம்மாகிட்ட பொய் சொல்லிட்டு வந்தேன்?"

பிலோமினா எல்லாரையும்விட ஒரு தலை உயரம். காற்று மேகத்தைச் சற்றே விலக்கியது. அவள் ரெப்பின் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள்.

"அந்தப் புகைக்கூண்டுக்கு மேல பாருங்க, தாத்தா."

ரெப் கண்ணைச் சுருக்கினார்.

"மூணு" என்றார்.

படிகள் அதிர்ந்தன. ஓய்வுநாளுக்கு விடைகொடுக்கும் ஜெபம் அவசர அவசரமாக முடிந்தது. கூடத்தில் விளக்குகள் எரிந்தன, நடுவர் விசில் ஊதினார். பந்து சுவருக்குச் சுவர் பறந்தது. கடைசிக் கூடையைப் போட்டு பிலோமினாவின் அணிதான் ஜெயித்தது.

வியர்வையோடு ஃப்ரூமா ரெப்பைத் தேடினாள். அவர் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றிருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"ஆட்டம் நடந்துடுச்சு, ரெப். கூடம்?"

"நாளைக்குக் காலையிலயே பயிற்சி வை. அந்த நெட்டைப் பொண்ணை ஒருத்தியாவது தடுத்தீங்களாடி? வெக்கமா இல்ல?"

ஃப்ரூமா பேரன் எடுத்த பிறகும் அந்தக் கூடத்துப் பயிற்சி விசில் அவள் கழுத்தில்தான் தொங்கியது.