ஐந்தாவது வயர்

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஒரே பெண் என் அம்மாதான். கப்பல் வேலைக்குப் போன அப்பா விட்டுச் சென்ற வண்டி அது. வெல்டிங் பட்டறையில் இருந்த மாமா, பழைய ஸ்கூட்டர் சக்கரங்கள் இரண்டைப் போட்டு, வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும்படி தன் அக்காவுக்கு ஒரு டிரெய்லர் செய்து கொடுத்திருந்தார். துறைமுகத்தில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டிகளை அதில் ஏற்றி, விடியுமுன்னே ஏரல் சந்தைக்குப் புறப்பட்டுவிடுவாள் அம்மா.

பெட்டிகள் வண்டியின் பின்விளக்கை அடியோடு மறைத்தன. ஒரு நாள் உப்பு லாரி ஒன்று டிரெய்லரை உரசி, அம்மாவை ரோட்டோரப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. முழங்கையில் கட்டோடு வந்தவள், "சீலா மீனு பூரா மண்ணுல போச்சு" என்று மட்டும் சொன்னாள். நான்தான் அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் மாமா டிரெய்லருக்கு விளக்கு மாட்ட உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு, பிரேக், இடது, வலது என்று நான்கு வயர்களை வண்டியிலிருந்து இழுத்தார். கரண்ட் திரும்பி வர இரும்புக் கொக்கியே போதும் என்பது அவர் கணக்கு. ஆனால் இடது இண்டிகேட்டரைப் போட்டால் வலதும் சேர்ந்து மினுங்கியது. பிரேக்கை மிதித்தால் எல்லாமே மங்கின. பல்பை மாற்றினார், வயரை மாற்றினார், கடைசியில் டிரெய்லரையே திட்டத் தொடங்கினார்.

நான் கொக்கியைச் சுரண்டிப் பார்த்தேன். துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"போற கரண்டு திரும்பி வரணும்லா மாமா. துரு வழியா எப்படி வரும்?"

"ஏளா, அது நான் அடிச்ச கொக்கி. அதுல ஒரு குறையும் வராது."

அம்மா டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். "அவ சொல்லுதத ஒரு தடவ செஞ்சுதான் பாரேம்ல."

மாமா எழுந்து எனக்கு இடம் விட்டார். டிரெய்லரின் சட்டத்தில் கொஞ்சம் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, அங்கிருந்து பேட்டரிக்கு ஐந்தாவதாக ஒரு வயரைக் கொண்டுபோய் முறுக்கினேன். அம்மா இடது போட்டாள். இடது மட்டும் மினுங்கியது. பிரேக்கை மிதித்தாள், இரண்டு விளக்குகளும் பழுத்த மிளகாயாகச் சிவந்தன.

"கரண்டு ஆபீசே நம்ம வீட்டுலதான் இருக்கு போல" என்றார் மாமா. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஓட்டத்தில் எப்படி எரிகிறது என்று பார்க்க, அம்மா டிரெய்லரோடு முன்னால் போனாள். நான் மாமாவின் வண்டியில் பின்னால் போனேன். கோவில் வாசலில் கூடி நின்றவர்கள் முன்னால் அம்மா பிரேக் பிடித்தாள். டீக்கடை முன்னால் பிடித்தாள். அவளோடு மீன் எடுக்கும் பெண்கள் நின்ற முனையில் மூன்று தடவை பிடித்தாள். குறுக்கே ஆளுமில்லை, ஆடுமில்லை. திரும்பாத தெருக்களுக்கெல்லாம் இண்டிகேட்டர் போட்டாள். விழுந்ததிலிருந்து அவளுக்கு ஓட்டவே பயம் வந்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு கனத்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் பக்கத்தில் போய் ரகசியமாகச் சொன்னேன்: "பயப்படாதம்மா. இனி லாரிக்காரனுக்கு நல்லாத் தெரியும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரிளா, இனி பயப்படல" என்றாள். அந்த வாரம் முழுக்க, பாவம் அம்மா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.