குருவம்மாள் கையை மறைத்த கதை

என் நாத்தனார் குருவம்மாளைப் பற்றிச் சொல்கிறேன். ராஜபாளையத்தில் எங்கள் தெருவைச் சுற்றி எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தண்ணீர் ஊற்ற அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெற்றவளே தூக்கப் பயப்படுகிற பச்சைப் பிள்ளையை இவள் நீட்டிய காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றுவாள். பாசிப்பயறு மாவால் உடம்பு சிவக்கச் சிவக்கத் தேய்ப்பாள். சாம்பிராணிப் புகை காட்டி, பவுடர் போட்டுக் கொடுத்தால் பிள்ளை அடித்துப் போட்டது போலத் தூங்கும். குருவம்மாள் கை பட்டால்தான் பிள்ளை தேறும் என்று ஊரே சொல்லும். புருஷன் போன பிறகு அவள் தலை நிமிர்ந்து நடந்தது அந்தப் பேச்சால்தான்.

அந்தக் கைதான் அவளைக் கெடுத்தது. முதலில் விரலிடுக்கில் அரிப்பு. பிறகு தோல் உரிந்தது. பிறகு உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்து நீர் கசிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. இந்தக் கையைப் பார்த்தால் எவள் பிள்ளையைக் கொடுப்பாள்? மஞ்சளைக் குழைத்துக் கை நிறையப் பூசிக்கொண்டாள். பார்த்தவர்கள், குருவம்மாள் கை எப்போதும் மங்களகரமாக இருக்கிறது என்று மெச்சினார்கள். அவள் சிரித்துக்கொண்டு கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள்.

ஒரு கல்யாணப் பந்தியில் எலுமிச்சை ஊறுகாயைப் பார்த்ததும் கரண்டி கேட்டாள். பரிமாறிக்கொண்டிருந்த சோலைராஜ் விடுவானா?

"என்ன சித்தி, கலெக்டர் ஆயிட்டீங்களா? கரண்டியிலதான் சாப்பிடுவீகளோ?"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டாள்.

எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்த பெண் ஹெப்சிபா. அவளுக்கே தண்ணீர் ஊற்றியவள் குருவம்மாள்தான். ஹெப்சிபாவை ஸ்ரீவில்லிபுத்தூரில் எட்வினுக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. பிள்ளைப்பேறு முடிந்து மகன் ஜெபினோடு மாமியார் வீட்டுக்குப் போன பிறகும், குருவம்மாள் ஆச்சிதான் வரவேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். இவளும் தினம் காலையில் பஸ் ஏறிப் போய்வந்தாள்.

ஜெபினுக்குக் கன்னம் இரண்டும் சிவந்து சொரசொரத்தது. அப்புறம் முழங்கை மடிப்பிலும் முட்டிக்காலிலும் இறங்கியது. பிள்ளை நகத்தால் பிறாண்டிப் பிறாண்டி ரத்தம் வரும். கரப்பான் என்றாள் மாமியார் அழகுத்தாய். உடனே மருமகளுக்குக் கத்தரிக்காய் கிடையாது, கருவாடு கிடையாது, முட்டை கிடையாது. ரசமும் சோறும்தான். குருவம்மாள் தன் பங்குக்கு வெந்நீரின் சூட்டைக் கூட்டினாள். மாவோடு வேப்பிலையையும் அரைத்துத் தேய்த்தாள். கரப்பான் அதற்கும் அடங்கவில்லை.

ஒருநாள் குளியல் முடிந்து பிள்ளையை நீட்டும்போது கை மஞ்சள் முழுதும் தண்ணீரில் கரைந்து போயிருந்தது. துண்டோடு நின்ற ஹெப்சிபா அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வர வேண்டாம் ஆச்சி" என்றாள் மெதுவாக. அது அழகுத்தாய் காதில் விழுந்தது.

"ஏட்டி, இந்தக் கைய வச்சுக்கிட்டா எம்பேரனத் தொட்ட? தொத்து நோயக் கொண்டாந்து பச்சப்புள்ளைக்கு அப்பிட்டியே! மஞ்சள வேற பூசிக்கிட்டு வந்திருக்கா பாரு, எம்புட்டு நெஞ்சழுத்தம்!"

அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். குருவம்மாள் செருப்பைக்கூடப் போடாமல் தெருவைக் கடந்தாள்.

அதன் பிறகு அவள் எந்த வீட்டுக்கும் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் காய்ச்சல் என்றாள். நான் கதவை இடித்துக்கொண்டு உள்ளே போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"கையக் காட்டுடி."

"வேண்டாம் மதினி."

"காட்டுறியா, தெருவுல இழுத்து வச்சுப் பாக்கவா?"

காட்டினாள்.

"நாந்தான் மதினி அந்தப் புள்ளைக்குக் குடுத்திட்டேன். தெரிஞ்சே தொட்டேன்" என்று அழுதாள். கை வலியைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பிள்ளைக்கு அது தன் கையிலிருந்து போனதா இல்லையா?

நான் லேசில் விடுகிறவள் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனை விட்டு ஹெப்சிபாவுக்குப் போன் போட்டு, எந்த டாக்டரிடம் காட்டுகிறாய் என்று கேட்டேன். "இங்க ஒரு தோல் டாக்டரம்மாகிட்ட ஆச்சி. குருவம்மா ஆச்சியவும் கூட்டிட்டு வாங்க. எனக்கும் தெரிஞ்சாகணும்" என்றாள்.

போனோம். அங்கே அழகுத்தாய் எங்களைக் கண்டதும் பெஞ்சின் அடுத்த முனைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா முதலில் பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு குருவம்மாளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். உறை போடாத வெறுங்கையால் பிடித்தார்கள். அதைப் பார்த்ததும் அழகுத்தாயின் முகம் மாறியது.

"ரெண்டு பேருக்கும் எக்ஸிமாதான், நீங்க கரப்பான்னு சொல்றது. ஆனா இது தொத்தாது. இவங்க கிட்டருந்து பிள்ளைக்கு வரல. வீட்டுல யாருக்காவது மூச்சு இளைப்பு இருக்கா?"

"எட்வினுக்கு உண்டு, சின்னதுலருந்து" என்றாள் அழகுத்தாய், தரையைப் பார்த்து.

"அப்பாவோட அந்த உடம்பு வாகுதான். பிள்ளைக்குப் பிறவியிலயே காஞ்ச தோல். அம்மா கத்தரிக்காய் சாப்பிட்டதாலயும் வரல. பாவம், அவங்களுக்குச் சோறு போடுங்க."

குருவம்மாள் அங்கேயே அழுதுவிட்டாள். ஒரு மாதமாகத் தொங்கிய தலை அப்போதுதான் நிமிர்ந்தது. "சரி, பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டதும் அவளுக்கு வாயெல்லாம் சொல்லாக வந்தது. எண்ணெயைச் சொன்னாள், கொதிக்கக் கொதிக்க விளாவிய தண்ணீரைச் சொன்னாள். மாவையும் வேப்பிலையையும் புகையையும் சொன்னாள். எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னாள்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"அம்மா, வருத்தப்படாதீங்க. நோய் உங்களால வரல. ஆனா அதைக் கூட்டினது இந்தக் குளியல்தான். காஞ்ச தோலை வெந்நீரும் மாவும் இன்னும் காய வைக்கும். புகை அரிப்பைக் கூட்டும். இத்தனை வருஷம் வெந்நீர்லயே கிடந்து உங்க கை மரத்துப் போச்சு. தண்ணி எவ்வளவு சூடுன்னு அதுக்குத் தெரியாது."

பழி கையை விட்டு இறங்கி அவள் தொழிலில் ஏறிக்கொண்டது. இதற்கு முந்தினதே தேவலை என்று என் மனசுக்குப் பட்டது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளியலை முடிக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் காயும் முன்னே களிம்பைத் தாராளமாகப் பூச வேண்டும். பருத்தித் துணிதான் போட வேண்டும், நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். சிவந்த இடத்துக்கு எழுதிக் கொடுத்த மருந்தைச் சொன்ன நாள் மட்டும் போட வேண்டும், கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது. குருவம்மாளுக்கும் களிம்பு. புண் ஆறும்வரை கை தண்ணீரில் படக் கூடாது, ஆறிய பிறகும் உள்ளே பருத்தி உறை, மேலே ரப்பர் உறை. நான் கத்தரிக்காயைப் பற்றி மறுபடியும் ஒரு வார்த்தை கேட்டேன். அதில் இன்றைக்கும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அது வேறு விஷயம்.

வெளியே வந்ததும் அழகுத்தாய் குருவம்மாளிடம், "மதினி, நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்க சொன்னது சரிதான்" என்று சொல்லிவிட்டுக் குருவம்மாள் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

புண் ஆறத் தொடங்கியது. ஆனாலும் அவள் வெளியே வரவில்லை. போலீஸில் இருக்கிற வல்லரசு லீவில் வந்தவன், "ஆச்சி, சௌக்கியமா?" என்று வாசலில் நின்றான். அவனும் இவள் தண்ணீர் ஊற்றிய பிள்ளைதான். இவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கை மடிப்பையே பார்த்தாள்.

"சின்னதுல இவனுக்கும் கரப்பான் உண்டு மதினி" என்றாள் அவன் போன பிறகு. "கத்தக் கத்த உரசுனேன். அவுக அம்மா கையெடுத்துக் கும்பிட்டா என்னய."

பொறவு ஒருநாள் காலையில் ஹெப்சிபா பிள்ளையும் பிளாஸ்டிக் தொட்டியுமாகப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஜெபின் கன்னத்தில் சிவப்பு நன்றாக மறைந்திருந்தது.

"நான் ஊத்துனா கத்துதான் ஆச்சி. உங்க கால்ல போட்டாத்தான் அடங்குவான்."

"என்னால முடியாது தாயி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?"

"அப்ப நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று ஹெப்சிபா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் தெருப் பெண் அல்லவா!

செத்த நேரம் கழித்துக் குருவம்மாள் எழுந்தாள். இரண்டு உறையையும் மாட்டிக்கொண்டு முற்றத்தில் காலை நீட்டினாள். எதிர்வீட்டுக் கனகலட்சுமி எட்டிப் பார்த்து, "என்ன குருவம்மா, ஆப்பரேசனா?" என்றாள்.

"ஆமா. கை புண்ணு" என்றாள் குருவம்மாள்.

தெருவில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு ஹெப்சிபாவிடம், "தண்ணிய நீ தொட்டுப் பாரு. என் கைய நம்பாத" என்றாள். ஹெப்சிபா முழங்கையை விட்டுப் பார்த்து ஊற்ற, இவள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். ஒற்றியெடுத்தார்கள், களிம்பு பூசினார்கள். பிள்ளை அவள் காலிலேயே கண் சொருகியது.

அப்போது அவள் கை பழக்கத்தில் சாம்பிராணிச் சட்டி இருந்த மூலைக்குப் போயிற்று. பாதியில் நின்றது. யாராவது பார்த்தார்களா என்று மெல்லத் திரும்பினாள்.

நான் பார்த்தேன். ஆனால் வாசலில் யாரோ கூப்பிட்டது போல முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன்.