வெளியே உட்காரச் சொன்னது நான்

சட்டமன்றக் குழு வருகிறது என்று மூன்று நாள் முன்னதாகத்தான் எங்களுக்குச் சொன்னார்கள். திருப்பூரிலிருந்து தாராபுரம் போகிற வழியில் ஒரு சிற்றூர். அங்கே அரசு மருத்துவமனையின் பின்பக்கத்தில் இரண்டு அறைகள் எங்கள் மையம். வீட்டில் அடிபட்டு வரும் பெண்களைத் தங்கவைத்து, வைத்தியம் பார்த்து, போலீஸ் புகாருக்கு உதவுவது வேலை. புகார் எழுதித் தருவது நான். இந்த மாதிரித் திட்டங்கள் சரியாக நடக்கின்றனவா என்று எம்.எல்.ஏ.க்கள் சிலர் குழுவாக நேரில் வந்து பார்ப்பார்கள். அவர்கள் எழுதுகிற அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படும். அதனால் மாவட்டமே நடுங்கும்.

அப்போது மையத்தில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். இருபத்தாறு வயது. பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவள். புருஷன் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். அவளுடைய இடது கையை வேன் கதவிடுக்கில் வைத்து, கதவை இழுத்து அறைந்திருந்தான். இரண்டு முறை. முதல் முறை கதவு சரியாக மூடவில்லை என்று மறுபடியும் அறைந்தானாம். சாதாரணமாகத்தான் இதை என்னிடம் சொன்னாள். மாவுக்கட்டுக்கு வெளியே அவள் விரல் நுனிகள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. ஒரு கண் திறக்கவில்லை.

குழு வரும் அன்று காலை எங்கள் அதிகாரி போன் செய்தார். கெட்டவர் அல்ல, பயந்த பெண்மணி.

"அந்தப் பொண்ணு இன்னும் இருக்குதாங்க?"

"இருக்குதுங்க மேடம்."

"அஞ்சு நாள்தான் தங்கலாம்னு ரூல். இன்னைக்கு ஆறாவது நாள். அதையும் எழுதுவாங்க, மூஞ்சியையும் பாப்பாங்க. கமிட்டி போற வரைக்கும் ஓ.பி.ல உக்காரச் சொல்லுங்க. ஒரு மணி நேரந்தான்."

மறுத்திருக்கலாம். என்னுடையது வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. மறுக்கவில்லை.

"கண்ணு, சித்தெ நேரம் முன்னாடி ஓ.பி.ல போய் உக்காந்துக்கறயா? அவங்க போனதும் நானே வந்து கூட்டிக்கறேன்."

"அவரு வந்துட்டாருன்னா என்னங்க்கா பண்றது?"

"அத்தனை கூட்டத்துல வந்து என்ன பண்ணிருவான்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். எங்கள் மையத்துக்குக் காவலாளி என்று ஒருவர் இருந்ததே இல்லை. அன்றைக்கு மட்டும் வேறொரு அலுவலகத்திலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் காலி அறையின் வாசலில் நிறுத்தியிருந்தோம்.

பதினொரு மணிக்குக் குழு வந்தது, எங்கள் அதிகாரியும் கூடவே. கார்களுக்காக மருத்துவமனை கேட் அகலத் திறந்து கிடந்தது. தலைவர் பதிவேட்டைப் புரட்டினார். இப்போது யாரும் தங்கியிருக்கிறார்களா என்று கேட்டார். "இல்லீங்க ஐயா" என்றேன். அந்த வார்த்தை வாயை விட்டுப் போனதும் முன்பக்கத்திலிருந்து அலறல் கேட்டது. "அக்கா! அக்கா!"

ஓடினேன். ஓ.பி. வராந்தாவில் ஜனங்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். நடுவில் அவன் அவள் கூந்தலைக் கையில் சுற்றி, தரையில் இழுத்துக்கொண்டிருந்தான். இன்னொரு கையில் வேனின் வீல் ஸ்பேனர். நான் போய்ச் சேர்வதற்குள் அதை ஓங்கி அவள் காதோரம் அடித்தான். ஈரத்துணியைக் கல்லில் அடித்ததுபோல ஒரு சத்தம். அவள் மாவுக்கட்டுக் கையைத் தூக்கித் தடுத்தாள். அடுத்த அடியில் மாவு உடைந்து தெறித்தது. நான் அவன் சட்டையைப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தான். இரண்டு பற்கள் நாக்கின் மேல் விழுந்தன.

பக்கத்தில் டிரிப்ஸ் ஸ்டாண்டு ஒன்று இருந்தது. தூக்கி அவன் தலையில் அடித்தேன். ஸ்பேனர் கீழே விழுந்தது. அவனும் முட்டி போட்டு விழுந்தான். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. முதுகில், தோளில், தரையில் ஊன்றியிருந்த கைவிரல்களில் அடித்தேன். "போதுங்க, போதுங்க" என்று கும்பிட்டான். அவன் கும்பிட்டது எனக்கு இனிப்பாக இருந்தது. இன்னும் ஓங்கி அடித்தேன். யாரோ பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டி இழுத்தார்கள். குழுவில் வந்திருந்த பெண் எம்.எல்.ஏ. அவருடைய வெள்ளைச் சேலையில் என் வாய் ரத்தம்.

அவளை ஸ்டிரெச்சரில் தூக்கிப் போனார்கள். அவனைப் போலீஸ் கொண்டுபோனது. தலைவர் கேட்டார், "யார் அந்தப் பொண்ணு?"

"ஓ.பி. பேஷன்ட்டுங்க ஐயா" என்றார் எங்கள் அதிகாரி.

பெண் எம்.எல்.ஏ. என் பக்கம் திரும்பினார். "அது உங்களைத்தானே அக்கான்னு கூப்பிட்டுக் கத்துச்சு?"

அதிகாரியின் கண்கள் என்னைக் கெஞ்சின. வாயில் வைத்திருந்த துணியை எடுத்துவிட்டுச் சொன்னேன். "எங்க மையத்துல இருக்கற பொண்ணுதானுங்க. நீங்க பாக்கக் கூடாதுன்னு நாந்தானுங்க வெளிய உக்கார வெச்சேன். வாசல்ல நிக்கற வாட்ச்மேனும் எங்க ஆளில்லீங்க."

கூட வந்திருந்த சுருக்கெழுத்தாளர் தலை நிமிராமல் எழுதினார்.

ஒரு மாதம் கழித்து என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். அதிகாரியை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். குழுவின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட பிறகு, பழைய சக ஊழியர் ஒருவர் அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எங்கள் மையத்துக்கு ஒரு பத்தி. நிரந்தரக் காவலாளி வேண்டும், தங்கும் நாட்களுக்கு வரம்பு வைக்கக் கூடாது என்று இருந்தது. இரண்டும் நடந்தன. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் "ஊழியர் துணிச்சலுடன் தடுத்தார்" என்றும் ஒரு வரி இருந்தது. அதை என்னால் இரண்டாவது முறை படிக்க முடியவில்லை.

அவள் பிழைத்தாள். வலது காது கேட்காமல் போய்விட்டது. அடிபட்ட மூன்றாம் நாளே வார்டில் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்து, கட்டில் கம்பியைப் பிடித்து நின்றேன். அவளே பேசினாள்.

"கூட்டத்துல ஒண்ணும் பண்ண மாட்டாருன்னு சொன்னீங்களேங்க்கா."

"சொன்னேன் கண்ணு."

"நான் நம்பலீங்க. நீங்க சொல்றீங்களேன்னுதான் போனேன்."

தண்ணீர் கேட்டாள். டம்ளரைப் பிடித்துக் கொடுத்தேன்.

இப்போது அவள் காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லில் வேலை பார்க்கிறாள். அவன் ஜாமீனில் இருக்கிறான். வழக்கு நடக்கிறது. போன வாய்தாவில் நான் சாட்சி சொல்லப் போனேன். அவனுடைய வக்கீல் எழுந்து, அவன் கீழே விழுந்த பிறகும் நான் அடித்தேனா என்று கேட்டார். அடித்தேன் என்றேன். ஏன் என்று கேட்டார். நீதிபதியும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கோபமுங்க" என்றேன். "அதுல பாதி என் மேலயே இருந்த கோபமுங்க."

நீதிபதி முதல் வார்த்தையை மட்டும் எழுதிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னார்.