வானத்தைப் பார்க்கச் சொன்னவர்கள்

அறுபத்தைந்தாம் வருடம் சண்டை மூண்டபோது, கொடைக்கானல் பஜாரில் என் கணவர் கம்பளிக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் எங்கள் குடித்தனம். வடக்கே எங்கோ குண்டு விழுகிறது என்று ரேடியோவில் கேட்போம். இங்கே ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினோம்.

ஒருநாள் அதிகாரி ஒருவர் பஜார் வியாபாரிகளைக் கூட்டிவைத்துப் பேசினார். குண்டு போடுவதற்கு முன்னால் எதிரி விமானம் உயரத்தில் வந்து அணை, பாலம் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு போகுமாம். மலைமேல் இருப்பவர்கள் கண்ணில்தான் அது முதலில் படும், காவலுக்கு ஆள் வேண்டும் என்றாராம். முதலில் கை தூக்கியவர் என் கணவர். அவரிடம் ஒரு பைனாகுலர் இருந்தது. சொந்த நாட்டுக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் வாங்கியது.

"ராவுத்தர் கட்டாயம் வேணும்னு அந்த ஐயாவே சொன்னாரு புள்ள" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் பெருமையடித்துக்கொண்டார்.

நாயுடுபுரத்துக்கு மேலே ஒரு மேட்டில் காவல். கூட நிற்க அமைந்தவர் அங்கே பக்கத்தில் பூண்டு பயிரிடுகிறவர். எங்கள் கடை வாடிக்கை, அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வெள்ளனே எழுந்து, சாரலிலும் மூடுபனியிலும் இருவரும் போய் நின்றார்கள். கை தூக்கிய மற்றவர்களில் பாதிப்பேர் நாலு நாளில் நின்றுவிட்டார்கள். இவருக்குச் சளி பிடித்து நெஞ்சு கட்டிக்கொண்டது. "இன்னைக்கு ஒருநாள் படுங்க" என்றால் கேட்கமாட்டார். மேலே ஒரு ஸ்வெட்டர் கூடப் போட்டுக்கொண்டு போவார்.

பனி விலகிய ஒரு காலையில் உண்மையாகவே ஒரு விமானம் வந்தது. சத்தம் முதலில் கேட்டது அண்ணனுக்கு. சாம்பல் நிறம், மலையை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தெற்கே போனதாம். என் கணவர் இறங்கி ஓடித் தபாலாபீஸ் டெலிபோனில் சொல்லவேண்டியதைச் சொன்னார். எந்தத் திசை, என்ன நிறம், இறக்கையில் அடையாளம் தெரியவில்லை. அவ்வளவுதான்.

மறுநாள் அந்த அதிகாரியின் ஆட்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். பஜார் கூட்டத்தின் நடுவே அவரைப் பைனாகுலரோடு கூட்டிக்கொண்டு போனார்கள். விஷயம் தெரிந்து அண்ணனும் பின்னாலேயே போனார்.

பொழுது சாய்ந்துதான் விட்டார்கள். வந்தவர் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார், சாப்பிடவில்லை. அண்ணன்தான் வாசலில் நின்று சொன்னார்.

"விமானம் வரும்னு முன்னாலயே உனக்கு யாரு சொன்னாங்கன்னு கேக்குறாங்கம்மா. கராச்சியில சொந்தக்காரங்க இருக்காங்களாங்குறாங்க. நான்தாங்க மொதல்ல பாத்தேன், என்னையும் உக்காரவச்சுக் கேளுங்கன்னேன். நீ போயி உன் பூண்டைப் பாருய்யான்னு வெரட்டிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கணவரைக் கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? பெரியகுளத்துல இருக்காங்க, தேவதானப்பட்டியில இருக்காங்கன்னேன்."

அந்த அதிகாரிகளை நினைத்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பார்க்கச் சொன்னதும் நீங்கள்தான், சொல்லச் சொன்னதும் நீங்கள்தான். பார்த்துச் சொன்னவனை உட்காரவைத்து யாருடைய ஆள் என்று கேட்பீர்களா?

அதற்கப்புறம் கடைக்கு வருகிற கூட்டம் குறைந்தது. தினமும் எங்கள் கடையில் டீ குடித்த பக்கத்துக்கடைக்காரர் எதிர்வரிசையில் நடக்கத் தொடங்கினார். பைனாகுலர் திரும்பி வரவில்லை. "அது போனாப் போகுது, விடு" என்றார் என் கணவர். அந்த 'விடு' என்ற சொல் அந்த நாட்களில் எனக்கு ஆகவே ஆகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பிள்ளை பெற்றிருந்த ஒரு வீட்டுக்குப் போய்விட்டுக் மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக் வழியாக வந்தேன். அந்த அதிகாரி குடும்பத்தோடு நின்றிருந்தார். அவருடைய மைத்துனர் கழுத்தில் எங்கள் பைனாகுலர் தொங்கியது. தோல்வாரில் நான் போட்ட சிவப்பு நூல் தையல் அப்படியே இருந்தது. "அதோ அணை தெரியுது" என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே போனேன். "அது எங்க வீட்டுக் கண்ணாடி. குடுங்க."

"அது விசாரணையில இருக்கும்மா" என்றார் அதிகாரி.

"விசாரணையில இருக்குறது உங்க மச்சான் கழுத்துல எப்படி வந்துச்சு? அணையத்தான பாக்குறாரு? கராச்சியில யாரு இருக்காங்கன்னு அவர்ட்ட கேட்டீங்களா?"

நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "கோபப்படாதீங்க. அது நம்ம விமானம்தான்னு தெரிஞ்சுபோச்சு. சொல்லியனுப்பணும்னு இருந்தேன்."

"எப்பத் தெரிஞ்சது?"

அவர் பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொன்னார். மறுபடியும் கேட்டேன்.

"போன் வந்த அன்னைக்கே" என்றார்.

அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் மறுநாள் ஆள் அனுப்பிப் பகல் முழுக்க உட்காரவைத்தார்கள். கையை நீட்டியபடி நின்றேன். மைத்துனர் கழற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்தபோது கணவர் முகம் வெளுத்துவிட்டது. "யாரைக் கேட்டுப் போய்ச் சண்டை போட்ட?" என்று கத்தினார். கல்யாணமாகி அதுவரை என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. நானும் விடவில்லை.

இரண்டு நாள் கழித்து அதிகாரியின் பியூன் வந்தான். "மேட்டுல நிக்க ஆளு இல்லீங்களாம். பைனாகுலரோட வரச் சொன்னாங்க."

அவன் போனதும் இவர் ஸ்வெட்டரை எடுத்தார்.

"இதுக்கப்புறமுமா போறீங்க?"

"போகலேன்னா என்ன பேசுவாங்க தெரியுமா? ஏதோ இருக்கு, அதான் ஒதுங்கிட்டான்னு பேசுவாங்க."

அந்த நேரம் பூண்டு மூட்டையோடு அண்ணன் வந்தார். அவருக்கும் ஆள் போயிருந்தது. "நான் வரமாட்டேன்னுட்டேன் ராவுத்தரே. எனக்குத் தோட்டத்துல சோலி கெடக்கு" என்றார்.

"அதுக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலம்மா. சரின்னு போயிட்டாங்க."

என் கணவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சண்டை நிற்கும்வரை அந்த மேட்டில் அவர் ஒருவர் மட்டுமே போய் நின்றார்.